கிழிக்க முடியாத பக்கம்

பொய் சொல்கிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. முதல் ரகம் எல்லோரிடமும் ஒரே பொய்யைச் சொல்வார்கள். இவர்களால் பெரிய ஆபத்தில்லை. நாலு பேர் கூடிப் பேசினால் 'அந்த ஆள் சொல்றது எங்கேயோ இடிக்குதே' என்று கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவது ரகம் உங்களிடம் ஒன்று சொல்வார்கள், என்னிடம் வேறு ஒன்று சொல்வார்கள். நீங்களும் நானும் சந்திக்கிறவரை இரண்டு பேருக்கும் சந்தேகமே வராது. சந்தித்த பிறகு சண்டை நமக்குள்தான் வரும். அவர் அடுத்த தெருவில் டீ குடித்துக்கொண்டிருப்பார்.

சென்னைக்கு வெளியே மனை பார்க்கப் போனவர்களுக்கு இந்த இரண்டாவது ரகத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சில வருஷங்களுக்கு முன் நானும் போனேன். "சார், 14ஆம் நம்பர் மனையை உங்களுக்குன்னே எடுத்து வெச்சிருக்கேன்" என்றார் புரோக்கர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே 14ஆம் நம்பரின் ஈசான்ய மூலையில் ஒரு தம்பதி நின்றுகொண்டு கிணறு எங்கே தோண்டுவது என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் எடுத்து வைத்திருந்தாராம். நான் அட்வான்ஸ் கொடுத்திருக்கவில்லை. அவர்கள் கொடுத்திருந்தார்கள்.

கம்ப்யூட்டர் விஞ்ஞானத்தில் இந்தப் புரோக்கருக்கு ஒரு கௌரவமான பெயர் இருக்கிறது. பைஸாண்டைன். இவரைப் போன்ற ஆசாமிகளை நடுவில் வைத்துக்கொண்டே எப்படி ஒரு முடிவுக்கு வருவது என்பதுதான் நாற்பத்தைந்து வருஷமாக அங்கே ஓடிக்கொண்டிருக்கும் பஞ்சாயத்து. அதில் ஒரு திருப்பம் பற்றி இந்த வாரம் சொல்கிறேன். கணக்கு கொஞ்சம் வரும். நாலுக்கு மேல் எண்ணத் தெரிந்தால் போதும்.

முதலில், இது நமக்கு ஏன்?

உங்கள் கணக்கில் ஆயிரம் ரூபாய் இருக்கிறது என்ற செய்தியை பாங்க் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் எழுதி வைத்தால் அது செத்துப்போகிற அன்றைக்கு உங்கள் ஆயிரமும் போய்விடும். அதனால் பல கம்ப்யூட்டர்களில் எழுதுகிறார்கள். எழுதுவது சுலபம். எல்லாப் பிரதிகளும் ஒரே கதையைச் சொல்ல வைப்பதுதான் கஷ்டம். ஒன்று 'ஆயிரம் இருக்கிறது' என்றும் மற்றது 'காலையிலேயே எடுத்துவிட்டார்' என்றும் சொன்னால் ஏ.டி.எம். வாசலில் நிற்கிற உங்கள் நிலைமை என்ன? எல்லோரும் ஒரே வரிசையில் ஒரே முடிவுக்கு வரவேண்டும். இதற்கு கான்சென்சஸ் என்று பெயர். தமிழில் ஒருமித்த முடிவு.

கம்ப்யூட்டர்கள் செத்துப்போவதை மட்டும் சமாளிக்க வேண்டுமென்றால் மூன்று போதும். ஒன்று போனாலும் இரண்டு பேர் பெரும்பான்மை. கமிட்டிகளில் செய்கிறோமே, அதேதான்.

சாகாமல் உயிரோடு இருந்துகொண்டே பொய் சொல்கிறவர்தான் தலைவலி. 1970களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவில் எஸ்.ஆர்.ஐ. என்ற ஆராய்ச்சி நிலையத்தில் நாசாவின் பணத்தில் விமானத்தைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்தார்கள். மேலே பறக்கும்போது ஒரு கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்து ஒவ்வொரு சகாவுக்கும் ஒவ்வொரு அளவைச் சொன்னால்? மூன்று வைத்துக்கொண்டு ஓட்டுப் போட்டால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். போதாது, நாலு வேண்டும் என்று நிரூபித்தார்கள் மார்ஷல் பீஸ், ராபர்ட் ஷோஸ்டாக், லெஸ்லி லாம்போர்ட் மூவரும். 1980இல் முதல் கட்டுரை. 1982இல் இதையே ஒரு கோட்டையை முற்றுகையிடும் தளபதிகளின் கதையாகச் சொல்லி, நடுவில் சில துரோகிகளை நுழைத்து இரண்டாவது கட்டுரை. கதை இருந்ததால் இரண்டாவதுதான் பிரசித்தமானது. லாம்போர்ட் முதலில் அவர்களை அல்பேனியத் தளபதிகள் என்றுதான் அழைத்தார். அல்பேனியா அப்போது கதவைச் சாத்திக்கொண்டிருந்த தேசம், யார் கோபித்துக்கொள்ளப் போகிறார்கள் என்று. உலகத்தின் மற்ற இடங்களிலும் அல்பேனியர்கள் இருக்கிறார்களே என்று உடன் வேலை பார்த்தவர் எச்சரித்ததால் பைஸாண்டைனுக்கு மாறினார். அந்த சாம்ராஜ்யம் 1453இலேயே விழுந்துவிட்டதால் இன்றுவரை யாரும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பவில்லை.

அது ஏன் நாலு? இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கட்டுரையின் மர்மம் இதில்தான் இருக்கிறது.

மூன்று பேர். நான், நீங்கள், புரோக்கர். எதையும் மூவரில் இருவர் ஒப்புக்கொண்டால் முடிவாகிவிடும். ஏன் மூவருக்கும் காத்திருப்பதில்லை? ஒருவர் பதில் சொல்லவில்லை என்றால் அவர் செத்துவிட்டாரா, தூங்குகிறாரா, லைன் கிடைக்கவில்லையா என்று தெரியாது. அவருக்காகக் காத்திருந்தால் காலம் முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான். அதனால் இரண்டு பேர் போதும் என்று வைத்தாக வேண்டும். இப்போது புரோக்கர் என்னிடம் வந்து 'மனை உங்களுக்கு' என்கிறார். நான் சரி என்கிறேன். நானும் அவரும் சேர்ந்து இருவர், முடிவாகிவிட்டது. உங்களிடம் வந்து 'மனை அந்தத் தம்பதிக்கு' என்கிறார். நீங்கள் சரி என்கிறீர்கள். நீங்களும் அவரும் இருவர், அதுவும் முடிவாகிவிட்டது. இரண்டு முடிவுக்கும் பொதுவான ஆள் யார்? புரோக்கர்.

நாலு பேர் இருந்தால், மூவர் ஒப்புக்கொண்டால்தான் முடிவு என்று வைக்கலாம். நாலில் எந்த மூவரை எடுத்தாலும், வேறு எந்த மூவரை எடுத்தாலும், இரண்டு கூட்டத்துக்கும் பொதுவாகக் குறைந்தது இரண்டு பேர் இருப்பார்கள். அதில் ஒருவர் புரோக்கராகவே இருக்கட்டும், மற்றவர் யோக்கியர். அந்த யோக்கியர் இரண்டு இடத்திலும் இரண்டு விதமாகத் தலையாட்ட மாட்டார். தீர்ந்தது.

பொதுவாகச் சொன்னால், துரோகிகள் எத்தனை பேர் என்று நினைக்கிறீர்களோ அதை மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு துரோகிக்கு 4. பத்துக்கு 31.

"எல்லாரையும் கையெழுத்துப் போட்டுக் குடுக்கச் சொன்னா போச்சு, இதுக்குப் போயி..." என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நல்ல கேள்விதான். டிஜிட்டல் கையெழுத்து இருந்தால் ஒருவர் சொன்னதை மற்றவர் திரிக்க முடியாது. ஆனால் நெட்வொர்க் எத்தனை தாமதப்படுத்தும் என்றே தெரியாத உலகத்தில் கையெழுத்தும் காப்பாற்றுவதில்லை. புரோக்கர் எனக்கும் கையெழுத்துப் போட்டுத் தருவார், அந்தத் தம்பதிக்கும் கையெழுத்துப் போட்டுத் தருவார். இரண்டும் அசல் கையெழுத்து. பின்னால் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆளைப் பிடித்துவிடலாம். அதற்குள் மனை இரண்டு பேருக்கு விற்றாகிவிட்டது. கையெழுத்து இதைச் சொன்னது யார் என்று சொல்லும். அவர் வேறு யாரிடமும் வேறு மாதிரி சொல்லவில்லை என்று சொல்லாது.

இந்த ஒரு வாக்கியத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கொஞ்ச காலம் இதெல்லாம் கரும்பலகை சமாசாரமாகவே இருந்தது. நடைமுறைக்கு ஆகாது, ரொம்ப மெதுவாக இருக்கும் என்றார்கள். 1999இல் எம்.ஐ.டி.யின் மிகேல் காஸ்ட்ரோவும் பார்பரா லிஸ்கோவும் ஆகும் என்று செய்து காட்டினார்கள். நெட்வொர்க்கில் ஃபைல் சேமிக்கும் ஒரு சேவையை நாலு பிரதிகளோடு ஓட்டி, சாதாரணமாக ஒற்றைக் கம்ப்யூட்டரில் ஓடுவதைவிட 3 சதவிகிதம்தான் மெதுவு என்று அளந்து சொன்னார்கள். லிஸ்கோவுக்கு 2008இலும் லாம்போர்ட்டுக்கு 2013இலும் டியூரிங் பரிசு கிடைத்தது. கம்ப்யூட்டர்காரர்களின் நோபல்.

அவர்கள் முறையில் மூன்று சுற்று. தலைவர் ஒரு விஷயத்தைச் சொல்வார். அடுத்து எல்லோரும் எல்லோரிடமும் 'உனக்கும் இதையேதான் சொன்னாரா?' என்று விசாரிப்பார்கள். பிறகு எல்லோரும் எல்லோரிடமும் 'சரி, முடித்துக்கொள்ளலாம்' என்பார்கள். நூறு பேர் இருந்தால் ஒரு சுற்றுக்கே பத்தாயிரத்தை நெருங்கும் கடிதப் போக்குவரத்து. கல்யாணத்துக்கு நாள் குறிக்கிற குடும்பங்களில் நடப்பதுதான். ஆனால் வினாடிக்கு ஆயிரக்கணக்கில் நடக்க வேண்டும்.

அதில் நடு சுற்று எதற்காக இருக்கிறது பாருங்கள். தலைவர் ஆளுக்கு ஒன்று சொல்லவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்ள மட்டும். நாலாவது கம்ப்யூட்டரும் அதற்காகத்தான். ஒரே ஒரு கெட்ட பழக்கத்துக்கு நாம் கட்டுகிற அபராதம் அத்தனையும்.

'என் சர்வர் ரூமில் துரோகி யார் இருக்கப் போகிறார்?' என்று கேட்கலாம். துரோகி மனிதனாக இருக்க வேண்டியதில்லை. 2008 ஜூலை 20ஆம் தேதி அமேசானின் எஸ்-3 சேமிப்புச் சேவை பல மணி நேரம் படுத்துவிட்டது. அதன் சர்வர்கள் ஒன்றுக்கொன்று யார் நலம், யார் நலமில்லை என்று வம்பு பேசிக்கொள்ளும். அப்படிப்பட்ட சில செய்திகளில் ஒரே ஒரு பிட் புரண்டு போயிருந்தது. செய்தி படிக்கும்படியாக இருந்தது, ஆனால் விஷயம் தப்பு. அந்தத் தப்பான வம்பு ஊர் முழுக்கப் பரவி, கடைசியில் எல்லாவற்றையும் நிறுத்தித் துடைத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா ஓர் அரசாங்க என்ஜினீயரிங் இலாகாவில் ஓவர்சீயராக இருந்தார். மதகு, கல்வெர்ட், ரோட்டோர சுவர் என்று எங்கே வேலை நடந்தாலும் டேப்பைப் பிடித்து நீளம், அகலம், உயரம் அளந்து ஒரு புத்தகத்தில் எழுதுவார். எம்-புக் என்பார்கள். மெஷர்மெண்ட் புக். கான்ட்ராக்டருக்கு பில் பட்டுவாடா ஆவது அதை வைத்துத்தான். அதனால் வீட்டில் அதற்கு எங்களைவிட மரியாதை அதிகம். அதில் பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சிட்டிருக்கும். மையில்தான் எழுத வேண்டும். தப்பாக எழுதினால் அடித்துவிட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம். அழிக்கக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. நடுவில் ஒரு பக்கம் காலியாக விட்டால் குறுக்கே கோடு போட வேண்டும்.

ஒரு நாள் ராத்திரி கான்ட்ராக்டர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நல்லவர்தான், எங்களுக்கு மாம்பழக் கூடை அனுப்புகிறவர். ஏதோ ஒரு பக்கத்தை மாற்றி எழுதித் தரும்படி கேட்டார் என்று திண்ணையில் படுத்திருந்த எனக்குப் புரிந்தது. அப்பா உபதேசம் எதுவும் செய்யவில்லை. "நான் ஒண்ணும் அரிச்சந்திரன் இல்லேய்யா. புத்தகத்துல நம்பர் இருக்கு. முப்பத்தேழுக்கு அப்புறம் முப்பத்தொம்பது வந்தா என் வேலை போயிடும்" என்றார். அவர் எழுந்து போய்விட்டார். அப்பா உள்ளே வந்து நிம்மதியாகத் தூங்கினார்.

இதைப் பல வருஷம் யோசித்திருக்கிறேன். அப்பா யோக்கியர்தான். ஆனால் ஒவ்வொரு ராத்திரியும் ஒவ்வொரு கான்ட்ராக்டரிடமும் தன் யோக்கியதையைப் புதிதாக நிரூபிக்கும் கஷ்டத்தை அந்தப் பக்க எண்கள் அவருக்குக் கொடுக்கவில்லை. சாதாரண மனிதன் நல்லவனாக இருப்பதற்கு அந்த நாலணாப் புத்தகம் உதவி செய்தது.

பத்திரப் பதிவுச் சட்டம் எழுதியவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. 1908ஆம் வருஷத்துச் சட்டம். பதிவுப் புத்தகங்களின் பக்கங்களில் வரிசையாக எண் அச்சிட்டிருக்க வேண்டும், மொத்தம் எத்தனை பக்கம் என்று புத்தகத்தை வழங்கும் அதிகாரி முதல் பக்கத்தில் சான்று எழுத வேண்டும் என்று அதிலேயே போட்டிருக்கிறது.

கம்ப்யூட்டர்காரர்கள் இதற்கு 2007இல் வந்து சேர்ந்தார்கள். பெர்க்லியில் பியுங்-கோன் சுன், பெட்ரோஸ் மனியாடிஸ், ஸ்காட் ஷென்கர், ஜான் குபியாடோவிச் ஆகியோர் ஒரு யோசனை சொன்னார்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒரு சின்ன மெமரி இருக்கட்டும். அதில் கடைசியில் சேர்க்கத்தான் முடியும். அழிக்கவோ திருத்தவோ முடியாது. 'என் புத்தகத்தில் 37ஆம் இடத்தில் இதுதான் இருக்கிறது' என்று அதுவே கையெழுத்துப் போட்டுத் தரும். அச்சு அசல் எம்-புக்.

2009இல் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் கோஷ்டி ஒன்று, புத்தகம்கூட வேண்டாம், பக்க எண் மட்டும் போதும் என்றது. ஒரு கவுண்ட்டர், ஒரு ரகசியச் சாவி. அவ்வளவுதான். அதை ஒரு ஸ்மார்ட் கார்டிலேயே செய்து காட்டினார்கள். 2013இல் லிஸ்பன் பல்கலைக்கழகக்காரர்களும் பிரேசில் நண்பர்களும் இதே கவுண்ட்டரை வைத்து காஸ்ட்ரோ-லிஸ்கோவ் முறையை இளைக்க வைத்தார்கள். நாலுக்குப் பதில் மூன்று கம்ப்யூட்டர். மூன்று சுற்றுக்குப் பதில் இரண்டு.

எப்படி? மறுபடியும் நான், நீங்கள், புரோக்கர். இந்த முறை புரோக்கரின் சட்டைப் பையில் ஒரு சிப் தைத்திருக்கிறது. அவர் எதைச் சொன்னாலும் அந்த சிப் எண் போட்டு, தன் சாவியால் கையெழுத்திட்டால்தான் நாம் நம்புவோம். சிப் ஒவ்வொரு முறையும் எண்ணை ஒன்று கூட்டும். ஒரே எண்ணை இரண்டு செய்திக்குப் போடாது. எனக்கு 57ஆம் எண்ணில் 'மனை உங்களுக்கு' என்று வருகிறது. உங்களிடம் வேறு கதை சொல்ல வேண்டுமானால் அவருக்கு 58தான் கிடைக்கும். நீங்கள் கடைசியாகப் பார்த்தது 56. 'அப்ப 57 எங்கேய்யா?' என்பீர்கள். 57ஐக் காட்டாமல் 58ஐ வாங்கிக்கொள்ள மாட்டீர்கள். காட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். இனி அவரால் முடிந்தது இரண்டுதான். எல்லோரிடமும் ஒன்றையே சொல்லலாம், அல்லது வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். வாயை மூடிக்கொள்வதைத்தான் நாம் ஏற்கெனவே மூன்று பேரை வைத்துச் சமாளித்திருக்கிறோமே!

முன்பு பத்து துரோகிகளுக்கு 31 கம்ப்யூட்டர். இப்போது 21. பத்து கம்ப்யூட்டரும் அவற்றின் கரண்ட் பில்லும் மிச்சம்.

இதில் எனக்குப் பிடித்தது அந்த சிப்பின் அடக்கம். அது உண்மை பேசுகிறதா என்று பார்ப்பதில்லை. மனை யாருக்குச் சொந்தம் என்று அதற்குத் தெரியாது. எம்-புக்கின் பக்க எண்ணுக்கு சுவரின் உயரம் தெரியாது, அதுபோல. பொய்யும் எழுதலாம். ஒரே பக்கத்தில் இரண்டு பொய் எழுத முடியாது. முழு மனிதனையும் நம்ப வேண்டிய இடத்தில், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தெரிந்த ஒரு அணாப் பைசா யந்திரத்தை நம்பினால் போதும் என்றாகிவிட்டது. நம்பிக்கையை இவ்வளவு சின்னதாக்கியது சாமானிய விஷயம் இல்லை.

ஆனால் அப்பாவின் கதையில் இன்னொரு அத்தியாயம் இருக்கிறது. ஒருமுறை அவருடைய அலுவலகத்தில் வேறொருவரின் எம்-புக் தொலைந்துபோயிற்று. கறையான் என்றார்கள், மழை என்றார்கள். புதுப் புத்தகம் கொடுத்தார்கள். பக்கம் ஒன்றிலிருந்து ஆரம்பித்தது. அப்பா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. "கிழிச்சா கண்டுபிடிக்கலாம். தொலைச்சா என்ன பண்றது?" என்றார்.

அந்த சிப்பைத் தாக்கவும் இதுதான் வழி. கவுண்ட்டரில் இருக்கும் எண்ணை எங்கேயாவது சேமித்தாக வேண்டும், கரண்ட் போனால் மறக்கக் கூடாது அல்லவா? டிஸ்க்கில் பூட்டுப் போட்டு வைத்தால், கம்ப்யூட்டரின் சொந்தக்காரர் பூட்டை உடைக்க வேண்டியதே இல்லை. நேற்றைய பிரதியை எடுத்துவைத்து, இன்று மெஷினை அணைத்துவிட்டு, 'இந்தா, இதுதான் கடைசியாக நீ எழுதியது' என்று பழையதைக் கொடுக்கலாம். சிப் நம்பிவிடும். 57ஐ மறுபடி 57 என்று போடும். இரட்டை நாக்கு திரும்பி வந்துவிட்டது. சரி, அழியாத மெமரியில் எண்ணை வைக்கலாம் என்றால், அந்த மாதிரி பாதுகாப்பு சிப்களின் கவுண்ட்டர் பலவற்றில் சில வினாடிக்கு ஒருமுறைதான் ஏறும். அடிக்கடி எழுதினால் தேய்ந்துவிடும். வினாடிக்கு ஆயிரம் பரிவர்த்தனை கேட்கிறவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்.

பூட்டையே உடைத்தவர்களும் உண்டு. 2015இல் இன்டெல் தன் ப்ராஸஸருக்குள் எஸ்.ஜி.எக்ஸ். என்று ஒரு ரகசிய அறை கட்டித் தந்தது. இந்த யோசனைகளையெல்லாம் தனி சிப் இல்லாமல் சாதாரண சர்வரிலேயே செய்யலாம் என்று எல்லோருக்கும் சந்தோஷம். 2018இல் ஃபோர்ஷேடோ என்ற தாக்குதல், அந்த அறை தன்னை இன்னார் என்று நிரூபிக்கப் பயன்படுத்தும் சாவியையே வெளியில் எடுத்துக் காட்டியது. அந்த ஓட்டையை அடைத்தார்கள். 2025இல் பெல்ஜியம், இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள் சுமார் 50 டாலர் செலவில் செய்த ஒரு குட்டி போர்டை மெமரிக்கும் ப்ராஸஸருக்கும் நடுவில் செருகி மறுபடி நுழைந்தார்கள். யந்திரத்தைத் திறந்து கை வைக்கிறவர்களிடமிருந்து காப்பதாக நாங்கள் சொல்லவே இல்லையே என்பது கம்பெனிகளின் பதில். நியாயம்தான். ஆனால் துரோகியாக மாறக்கூடியவர் அந்த யந்திரத்தின் சொந்தக்காரர்தானே! அவர் கையில்தானே ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறது!

2023இல் சுயஷ் குப்தா, நடாச்சா க்ரூக்ஸ், முகமது சதோகி முதலானவர்கள் இந்த சிப் முறைகளையெல்லாம் மேசை மேல் வைத்துப் பார்த்தார்கள். மூன்று பேர் போதும் என்று ஆட்களைக் குறைத்ததில் சங்கடங்கள் இருக்கின்றன என்றார்கள். எல்லாமே ஒற்றை வரிசை எண்ணில் போவதால் பக்கத்தில் பக்கத்தில் பல வேலைகளைச் செய்ய முடியவில்லை. சரியாக இருக்கிற கம்ப்யூட்டர்களிலும் எல்லாம் விஷயம் அறிந்திருக்கும் என்ற உத்தரவாதம் குறைகிறது, அதனால் கேட்டவருக்குப் பதில் வராமல் போகலாம். எண்ணைப் பின்னுக்குத் தள்ளும் திருட்டு வேறு. அவர்கள் மாற்று வழி என்ன தெரியுமா? பழையபடி மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டு. சிப்பைத் தலைவரிடம் மட்டும் கொடு, ஒரு விஷயத்துக்கு ஒருமுறை மட்டும் தொடட்டும். இதில் வேகம் 185 சதவிகிதம் வரை கூடியது என்கிறார்கள். ஆளைக் குறைப்பதற்காகக் கண்டுபிடித்த சாதனத்தை ஆளைக் குறைக்காமல் பயன்படுத்தினால்தான் லாபம்! ஆட்குறைப்பு செய்த மேனேஜர்கள் பலர் தாமதமாகக் கண்டுபிடிக்கும் உண்மை.

இது எங்கோ ஆராய்ச்சிக்கூடத்தில் நடக்கும் சண்டை என்று நினைக்காதீர்கள். உங்கள் போனில் சிக்னல் இருந்தால், அது உங்களை ஒரு பின் நம்பர் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கும். போன் தொலைந்தால் அந்த எண்ணை வைத்து உங்கள் விவரங்களை மீட்கலாம். நாலு இலக்கம் என்றால் மொத்தம் பத்தாயிரம்தான் சாத்தியம். ஒரு கம்ப்யூட்டர் மூச்சு விடுவதற்குள் எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிடும். அதனால் இத்தனை முறை தப்பாகப் போட்டால் கதவு மூடிவிடும் என்று ஒரு கணக்கு வைக்க வேண்டும். அந்தக் கணக்கை யாராவது பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டால்? உங்கள் பின் நம்பருக்கு அர்த்தமே இல்லை. ஆகவே 2019இல் அவர்கள் அறிவித்த முறையில், தப்பு முயற்சிகளின் கணக்கை எஸ்.ஜி.எக்ஸ். அறைகளுக்குள் வைத்து, அப்படிப்பட்ட பல அறைகள் ஒருமித்த முடிவுக்கு வந்தால்தான் கணக்கு நகரும் என்று செய்தார்கள். ஒரு அறைக்கு ஞாபக மறதி வந்தால் மற்றவை திருத்தும். சிப் மனிதர்களைக் கண்காணிக்கிறது, சிப்களை மற்ற சிப்கள் கண்காணிக்கின்றன.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான். 'எங்கள் முறையில் யாரையும் நம்ப வேண்டியதில்லை' என்று யாராவது வந்து சொன்னால், அது பாங்கோ, பிளாக்செயினோ, புது ஆப்போ, பர்ஸை உள்ளே வைத்துவிடுங்கள். நம்பிக்கை ஒழிவதில்லை, இடம் மாறுகிறது. நூறு பேரிடம் கொஞ்சம் கொஞ்சமாக இருந்ததை ஒரு சிப்பிடமும், அதைச் செய்த ஒரு கம்பெனியிடமும் கொண்டுபோய்க் கொட்டுகிறோம். அது தப்பு என்று சொல்லவில்லை. எண்ண மட்டும் தெரிந்த சின்ன விஷயத்தைப் பரிசோதிப்பது, ஒரு முழுக் கம்ப்யூட்டரையோ ஒரு முழு மனிதனையோ பரிசோதிப்பதைவிட எவ்வளவோ சுலபம். ஆனால் அந்தச் சின்ன விஷயம் உடைந்தால் எல்லோருக்கும் ஒரே நாளில் உடையும்.

அதனால் சொல்கிறவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பக்க எண்ணை அச்சடித்தது யார்? புத்தகம் யாருடைய பீரோவில் இருக்கிறது? தொலைந்துபோய்விட்டது என்று சொன்னால் புதுப் புத்தகம் எந்த எண்ணிலிருந்து ஆரம்பிக்கும்?

முதல் இரண்டு கேள்விக்கு எல்லோரும் டக்கென்று பதில் சொல்வார்கள். மூன்றாவதற்கு யோசிக்கிறவரோடு வியாபாரம் பேசலாம்.